வாகனக் காவலும் கூட்டுறவு நெறியும்

(புதுக்கோட்டை மாவட்டக் கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

சில மாதங்களுக்கு முன் ஆலங்குடி வட்டத்திலுள்ள ஒரு கடன் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். தவணை கடந்த கடன்களின் பட்டியலைப் பார்வையிட்டு வருகையில், ஒரு பெயரைக் கண்டு வியப்புற்றேன். அவர் பூ விவசாயி. சங்கத்தில் வாங்கிய கடன் எதையும் ஒரு நாளேனும் தாமதித்துச் செலுத்தியவரல்லர். 2018 நவம்பரில் கஜா புயல் நம் மாவட்டத்துத் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போன பின்னரும் தவணை தவறாதவர். அத்தகையவர் இப்பொழுது தவறியது ஏன் என்று காரியதரிசியிடம் வினவினேன். அவர் அந்த அங்கத்தினரையே அழைத்து வந்துவிட்டார்.

நடந்தது இதுதான். அவர் சங்கக் கடனில் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். விடியுமுன் கீரமங்கலம் சந்தைக்குப் பூ மூட்டைகளைக் கொண்டு சேர்ப்பதும், நோயுற்ற மனைவியைப் புதுக்கோட்டை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் அதில்தான். ஓரிரவு வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்திய கார், காலையில் இல்லை. இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி ஒன்றைக் காரில் பொருத்தியிருந்தமையால், பதற்றத்தோடு கைபேசியைத் திறந்து பார்த்தார்.

"கார் வாசலிலேயே நிற்பதாக அது காட்டிற்று, ஐயா. வாசலிலோ கார் இல்லை" என்றார்.

கருவியின் முதலாண்டுச் சந்தா முடிந்து இரண்டு மாதங்கள் கடந்திருந்தன. அதனுள் இருந்த சிம் அட்டை உயிரற்றுப் போயிருந்தது. சந்தா முடிந்த நாளில் கார் நின்ற இடத்தையே கைபேசி விடாது காட்டிக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும் என்பதை விற்றவர் விளக்கிச் சொல்லவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. இன்ஷூரன்ஸோ, சட்டம் கட்டாயப்படுத்தும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. கார் இன்றளவும் கிடைக்கவில்லை. கடன் மட்டும் நிற்கிறது. அவருக்கு ஜாமீன் நின்ற இருவருள் ஒருவர் தறி நெய்து பிழைப்பவர். தம் வாழ்நாளில் சொந்தக் கார் ஏறி அறியாதவர். அவருக்கும் நோட்டீசு போயிருக்கிறது.

காரைப் பற்றிய கட்டுரை நெசவாளருக்கும் சிறு விவசாயிக்கும் எதற்கு என்று கேட்கும் அன்பர்களுக்கு, அந்த நோட்டீசே விடையாகும். இன்று நம் அங்கத்தினரில் பலர் கார், சரக்கு ஆட்டோ, 'குட்டியானை' எனப்படும் சிறு லாரி, டிராக்டர் ஆகியவற்றைக் கடனில் வாங்குகின்றனர். ஒருவருடைய வண்டி போனால் அவரோடு நஷ்டம் நிற்பதில்லை; ஜாமீன்தாரர்களையும், இறுதியில் சங்கத்தையும் வந்து சேர்கிறது. ஆகவே வாகனக் காவல் என்பது தனியொருவர் கவலை அன்று. கூட்டாக யோசித்துக் கூட்டாகச் செய்யத்தக்க காரியம் என்பதே என் துணிபு.

மூன்று வேறு காரியங்கள்

கடைக்காரர்கள் எல்லாக் கருவிகளையும் 'திருட்டுப் பாதுகாப்பு' என்ற ஒரே பெயரால் விற்கின்றனர். உண்மையில் இவை மூன்று வேறு காரியங்கள். திருடனைத் தடுப்பது ஒன்று. திருட்டுப் போனதைத் தேடிப் பிடிப்பது மற்றொன்று. தடுக்கவும் பிடிக்கவும் இயலாதபோது நஷ்டத்திற்கு ஈடு பெறுவது மூன்றாவது. பூட்டு முதற்காரியத்தைச் செய்கிறது, ஜி.பி.எஸ். கருவி இரண்டாவதைச் செய்கிறது. இன்ஷூரன்ஸ் மூன்றாவதைச் செய்கிறது. ஒன்றை வாங்கிவிட்டு மற்றொன்றின் பயனை எதிர்பார்த்தமையே மேலே சொன்ன அங்கத்தினரின் பிழை. அவர் தேடும் கருவியை வாங்கினார். தடுக்கும் பூட்டு அவரிடம் இல்லை. ஈடு தரும் காப்பீடும் இல்லை.

முதலில் பூட்டு

தடுக்கும் சாதனங்களில் முதலிடம் இம்மொபிலைசருக்கு உரியது. சாவியின் தலைப்பகுதியில் சிறு மின்னணுச் சில்லு ஒன்று இருக்கும். அந்தச் சில்லின் குறியீட்டைக் கார் அறிந்துகொண்டாலன்றி இயந்திரம் ஓடாது. ஒயர்களைப் பிணைத்து வண்டியைக் கிளப்பும் பழைய வித்தை இதனிடம் பலிக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதலும், ஆஸ்திரேலியாவில் 2001 ஜூலை முதலும், கனடாவில் 2007 செப்டம்பர் முதலும் புதிய கார்களில் இது கட்டாயமாயிற்று.

இது இல்லாவிடில் என்ன நேரும் என்பதை அமெரிக்கா அண்மையில் கண்டது. அந்நாட்டில் இதனைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. 2015 ஆம் ஆண்டு மாடல்களை எடுத்துக்கொண்டால், ஏனைய கம்பெனிகளின் கார் வகைகளில் 96 சதவிகிதத்தில் இம்மொபிலைசர் இருந்தது. அங்கு விற்ற ஹுண்டாய், கியா வகைகளில் 26 சதவிகிதத்தில்தான் இருந்தது. யு.எஸ்.பி. கம்பியின் முனையைக் கொண்டே அவற்றைக் கிளப்பிவிடலாம் என்பதைச் சிறுவர்கள் வீடியோக்களில் பார்த்துக் கற்றுக்கொண்டனர். 2022 வாக்கில் பல நகரங்களில் அவ்வகைக் கார்கள் கணக்கின்றிக் களவு போயின. ஆகவே பழைய கார் வாங்கும் அங்கத்தினர், குளிர்சாதனம் இருக்கிறதா, பாட்டுப்பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், இம்மொபிலைசர் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லையெனில் பின்னர் பொருத்தத்தக்க வகைகளும் உண்டு. அவற்றை வாங்கும்பொழுது, பூனாவிலுள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கத்தின் (ஏ.ஆர்.ஏ.ஐ.) ஒப்புதல் பெற்றதா என்று விசாரித்து வாங்குதல் நலம்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியும் இரும்புப் பூட்டு. ஸ்டீயரிங் சக்கரத்தின் குறுக்கே மாட்டுவதும், கியர்த் தண்டைப் பூட்டுவதும், டயரைக் கவ்வுவதும் எனப் பலவகை உண்டு. இவை முற்றும் வெல்ல இயலாதவை அல்ல, அறுத்துவிடலாம். ஆயினும் அறுக்க நேரமாகும், ஓசை எழும். கிராமத்து இரவில் நாய் குரைப்பதற்கும் பக்கத்து வீட்டார் விளக்கைப் போடுவதற்கும் அந்தச் சில நிமிஷங்கள் போதும். செலவோ ஒரே தடவைதான். சந்தாவும் இல்லை, சிம் அட்டையும் இல்லை.

பொத்தானை அழுத்தினால் கிளம்பும் சாவியில்லா வண்டிகளுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. வீட்டினுள் இருக்கும் சாவியின் அலையைச் சுவருக்கு வெளியே நின்று ஒரு கருவியால் ஈர்த்து, காரின் அருகில் நிற்கும் கூட்டாளியின் கருவிக்கு அனுப்பிக் கதவைத் திறந்துவிடும் உபாயம் பல நாடுகளில் கையாளப்பட்டிருக்கிறது. இதற்கு மருந்து எளியது. இறுக மூடிய தகர டப்பாவில் இரவில் சாவியை இட்டு வைத்தால் அலை வெளியேறுவது தடைப்படும். டப்பாவினுள் சாவியை இட்டுக் காரின் அருகே கொண்டுசென்று பார்த்தால், கதவு திறவாமையிலிருந்து டப்பா தகுந்ததா என்பதும் விளங்கிவிடும்.

தேடும் கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஜி.பி.எஸ். கருவி வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் விற்பனையாளரின் வாய்ஜாலத்தில் மயங்க வேண்டியதில்லை. பூமிக்குமேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்களில் நான்கின் குறிகளையேனும் ஒருங்கே பெற்று, கருவி தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. துணைக்கோளுக்கு நம் கார் இருக்குமிடம் தெரியாது. அது பேசுகிறது, கருவி கேட்கிறது, அவ்வளவே. கணக்கிட்ட இடத்தை நமக்குத் தெரிவிப்பது கருவியினுள் இருக்கும் சிம் அட்டையும், வழியிலுள்ள கைபேசிக் கோபுரமுமே. ஆகவே வானத்துக் குறி, கோபுரத்துத் தொடர்பு, மின்சாரம் ஆகிய மூன்றில் எது அறுந்தாலும் கருவி ஊமையாகிவிடும். பாவில் ஓரிழை அறுந்தால் தறி நின்று போவதை நெசவாளர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இவற்றிலிருந்தே பிறக்கின்றன. கார் பேட்டரியின் இணைப்பைத் திருடன் துண்டித்தால், கருவியின் சொந்தப் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும்? இணைப்பு அறுந்தவுடன் கைபேசிக்கு எச்சரிக்கை வருமா? உள்ளிருக்கும் சிம் எந்தக் கம்பெனியுடையது. நம் ஊரில் அதற்குக் கோபுரத் தொடர்பு உண்டா? ஊசி முனையில் குத்துவது போலக் காரின் சோதனைத் துளையில் செருகும் வகைகள் மாட்டுவதற்கு எளியன; பிடுங்குவதற்கும் அவ்வளவே எளியன. ஒயரிங் செய்து மறைவிடத்தில் பொருத்தும் வகையே திருட்டுக்கு ஏற்றது. ஆனால் கம்பெனி வாரண்டி உள்ள புதிய காரில் ஒயரை வெட்டினால் வாரண்டிக்குப் பங்கம் வருமா என்பதை முன்னதாகவே எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

விலையை மட்டும் பார்ப்பதும் தவறு. கருவி 3,000 ரூபாய், முதலாண்டு இலவசம், அதன்பின் ஆண்டுச் சந்தா 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டில் ஆகும் செலவு 7,800 ரூபாய். 4,500 ரூபாய் விலையும் 500 ரூபாய் சந்தாவும் உள்ள மற்றொன்று அதே நிபந்தனையில் 6,500 ரூபாய்க்கு அடங்கும். மலிவாகத் தோன்றியதே விலை மிகுந்தது என்பதை இவ்வாறு கூட்டிப் பார்த்தே அறியலாம்.

கைபேசியிலிருந்தே இயந்திரத்தை நிறுத்தலாம் என்று சில கருவிகள் விளம்பரப்படுத்தப்படுகின்றன. இதில் மிக்க எச்சரிக்கை வேண்டும். ஓடும் காரின் இயந்திரம் திடீரென நின்றால் ஸ்டீயரிங் கனத்துவிடும்; பிரேக்கின் உதவி விசை சில மிதிகளிலேயே தீர்ந்துவிடும். எதிரே வருபவர் நம் காரைத் திருடியவரல்லர். நின்ற பின்பே மீண்டும் கிளம்பாமல் தடுக்கும் ஏற்பாடு இருந்தாலன்றி இவ்வசதியை வாங்கலாகாது.

சாவிக்கொத்தில் மாட்டும் ஏர்டேக் போன்ற சிறு வில்லைகளையும் சிலர் காரில் ஒளித்து வைக்கின்றனர். இவற்றில் சிம்மும் இல்லை, ஜி.பி.எஸ்ஸும் இல்லை, அருகே செல்லும் பிறருடைய கைபேசிகளே செய்தியைக் கடத்துகின்றன. ஜனநெருக்கம் மிகுந்த நகரத்தில் பயன்படலாம். ஆவுடையார்கோவில் பக்கத்து வெட்டவெளியில் அத்தகைய கைபேசி எத்தனை கடந்துபோகும்? மேலும், பிறரை ரகசியமாகப் பின்தொடர இவ்வில்லை பயன்படாதிருக்கும் பொருட்டு, அறியாத வில்லை ஒன்று உடன் வருவதாக உடனிருப்பவர் கைபேசிக்கும் அது அறிவித்துவிடுகிறது. அந்த உடனிருப்பவர் திருடனாகவும் இருக்கலாம்.

வாடகைக்கு ஓட்டும் மஞ்சள் பலகைக் கார் வைத்திருப்போர் ஒன்றைத் தனியே நினைவிற் கொள்ள வேண்டும். 2016 இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட 125-எச் விதி, 2019 ஜனவரி முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் பயணி வாகனங்களுக்கு ஏ.ஐ.எஸ். 140 என்ற தரத்திலமைந்த இடங்காட்டும் கருவியையும் ஆபத்துப் பொத்தானையும் விதித்தது. மூன்று சக்கர வண்டிகளுக்கு விலக்கு உண்டு. இத்தகையோர் அத்தரத்திலுள்ள கருவியை விட்டு வேறொன்றில் பணத்தைப் போடுவது வீண்.

ஈடு கிடைக்கும் வழி

மூன்றாம் நபர் காப்பீடு திருட்டுக்கு ஒரு காசும் தராது. முழுக் காப்பீடே தரும். அதுவும் வாங்கிய விலையை அன்று, ஒப்புக்கொண்ட மதிப்பையே தரும். நான்கு ஆண்டு கடந்து ஐந்து ஆண்டிற்கு உட்பட்ட காருக்குத் தேய்மானம் 50 சதவிகிதம். ஒப்புதல் பெற்ற திருட்டுத் தடுப்புச் சாதனத்திற்காக இன்ஷூரன்ஸ் கட்டணத்தில் தள்ளுபடி உண்டென்று சொல்லி விற்பார்கள். பழைய கட்டண அட்டவணை வகுத்த தள்ளுபடி, சொந்தச் சேதப் பகுதியில் 2.5 சதவிகிதம், கார் ஒன்றுக்கு 500 ரூபாய்க்கு மேற்படாது. தள்ளுபடிக்காகக் கருவி வாங்குவது புளியைத் தேடிப் புளியமரத்தை விலைக்கு வாங்குவது போலாகும்.

திருட்டு நேர்ந்தால் முதற்கடமை, அன்றே போலீசில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். 'எங்கள் எல்லையன்று' என்று திருப்பியனுப்ப இயலாது. உடனே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும், கடன் கொடுத்த சங்கத்திற்கும் எழுத வேண்டும். டிராக்டர் ஒன்று களவு போனபோது அன்றே போலீசில் எழுதிவைத்த உரிமையாளர், கம்பெனிக்கு 52 நாட்கள் கழித்தே தெரிவித்தார் என்பதற்காக இழப்பீடு மறுக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. போலீசில் உடனே புகார் செய்திருக்கையில், கம்பெனிக்குத் தாமதமாகத் தெரிவித்த காரணம் ஒன்றை மட்டும் கொண்டு மறுக்கலாகாது என 2020 ஜனவரியில் மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நியாயம் கிடைத்தது, ஆனால் திருட்டு நடந்தது 2010 இல். பத்தாண்டு காத்திருக்க நம்மில் எத்தனை பேரால் இயலும்? இரண்டு அசல் சாவிகளையும் கம்பெனி கேட்கும் என்பதால், பழைய கார் வாங்கும்போதே இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

அயலாரையும் காக்கும் காவல்

இனி, இக்கட்டுரையின் முக்கிய விஷயத்திற்கு வருகிறேன். திருடனைத் தடுக்கும் பூட்டு எல்லாம் திருட்டைக் குறைப்பதில்லை. சில பூட்டுகள் திருடனைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைக்கின்றன. மேற்கு ஜெர்மனியில் 1960 களின் தொடக்கத்தில் புதிய கார், பழைய கார் என்ற பேதமின்றி எல்லாவற்றிலும் ஸ்டீயரிங் பூட்டு கட்டாயமாக்கப்பட்டது. கார்த் திருட்டு வெகுவாகக் குறைந்து, குறைந்தே நின்றது. பிரிட்டனில் 1971 முதல் புதிய கார்களுக்கு மட்டும் விதித்தனர். திருடர்கள் பூட்டில்லாப் பழைய கார்களுக்கு மாறிக்கொண்டனர். பழைய கார் வைத்திருப்பவர் யார்? பெரும்பாலும் ஏழைதான்.

இதற்கு நேர்மாறான அனுபவம் ஒன்றும் உண்டு. 1986 இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோஜாக் என்ற மறைகருவி விற்பனைக்கு வந்தது. எந்தக் காரில் அது இருக்கிறது என்பதற்கு வெளியே ஓர் அடையாளமும் இராது. திருட்டுப் போனபின் அதன் வானொலிக் குறியைப் போலீசார் தொடர்ந்து சென்று பிடிப்பர். அயர்ஸ், லெவிட் என்னும் இரு பேராசிரியர்கள் இதனை ஆராய்ந்து 1998 இல் வெளியிட்ட முடிவு நம் சிந்தைக்குரியது. எந்தக் காரில் கருவி உண்டு என்று தெரியாமையால் திருடர்கள் எல்லாக் கார்களையும் அஞ்சினர். அதனால் விளைந்த மொத்த நன்மையில், காசு கொடுத்து வாங்கியவருக்குக் கிட்டியது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியதெல்லாம் ஊராருக்குப் போயிற்று.

நன்மை ஊருக்கும் செலவு ஒருவருக்கும் என்றிருக்கும் காரியத்தை ஒருவர் தனியே செய்யத் தயங்குவார். அத்தகைய காரியங்களைச் செய்வதற்கன்றோ கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்பட்டன!

சங்கங்கள் செய்யத்தக்கவை

வாகனக் கடன் பெற்ற அங்கத்தினரின் கணக்கை எடுத்து, கருவிகளையும் பூட்டுகளையும் மொத்தமாக விலை பேசி வாங்கலாம். ஐந்தாண்டுச் சந்தாவையும் விலையோடு சேர்த்துப் பேசிக் கடன் தொகையிலேயே அடக்கிவிடலாம். சந்தா முடியும் தேதிகளை ஒரு பதிவேட்டில் குறித்து, ஒரு மாதம் முன்னதாக அங்கத்தினருக்கு நினைவூட்டுவது காரியதரிசிக்குப் பெரும் வேலையன்று. அந்தப் பூ விவசாயியின் காரைக் காப்பாற்ற அது ஒன்றே உதவியிருக்கக்கூடும். கருவி பொருத்திய காரில் அதன் பெயர்ச்சீட்டை ஒட்டாமல், 'இவ்வூர் அங்கத்தினர் வாகனங்களில் மறைகருவி உண்டு' என்று சங்க வாயிலில் பொதுவாக ஒரு பலகை வைத்தால், கருவியில்லாதவருக்கும் அது காவலாகும். கடன் தீரும்வரை முழுக் காப்பீடு தொடர்வதைச் சங்கம் ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும்.

ஆனால், ஒரு யோசனையை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவில், "கருவியின் ரகசியச் சொல் சங்கத்திடமே இருக்கட்டும், தவணை தவறியவர் வண்டி எங்கே நிற்கிறதென்று பார்த்துப் பிடிக்கலாம், வேண்டுமானால் நிறுத்தியும் விடலாம்" என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர் கவலை நியாயமானது. வராக் கடன் சங்கத்தை அரிக்கும் கறையான். எனினும், அங்கத்தினர் எந்தக் கோயிலுக்குப் போனார், எந்த மருத்துவர் வீட்டில் நின்றார், எந்த உறவினரைக் கண்டார் என்பதையெல்லாம் காரியதரிசியின் கைபேசி அறியலாமா? அந்தரங்கம் குடிமக்களின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகக் கூறியிருக்கின்றனர். அதற்கும் மேலாக, அங்கத்தினரே சங்கத்தின் சொந்தக்காரர் என்பது நம் இயக்கத்தின் அஸ்திவாரம். காவலுக்கென்று வைத்த கருவியால் சொந்தக்காரரையே வேவு பார்ப்பது, வேலியே பயிரை மேய்ந்த கதையாகும். நள்ளிரவில் பிரசவ வேதனையோடு கிளம்பும் வண்டி, தவணை பாக்கிக்காகக் கிளம்ப மறுத்தால் அந்தப் பழியை எந்தச் சங்கம் சுமக்கும்? கடன் வசூலுக்குச் சட்டம் வகுத்த வழிகள் உண்டு, அவை போதும். ரகசியச் சொல் உரிமையாளரிடமே இருத்தல் வேண்டும். திருட்டு நேர்ந்தால் அவரே போலீசாரிடம் காட்டட்டும்.

அடுத்த மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதனையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறேன். கூட்டத்திற்கு வருமுன் ஒவ்வொருவரும் இரண்டு காரியங்களை மட்டும் செய்யுங்கள். காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து, அது முழுக் காப்பீடா அன்றா என்று பாருங்கள். கருவி வைத்திருப்போர் காரைச் சிறிது தூரம் ஓட்டிச்சென்று, கைபேசியிலும் அது நகர்கிறதா என்று பாருங்கள். நகராவிட்டால், அதனைத் திருடன் அறியுமுன் நீங்கள் அறிந்தீர்கள் என்று மகிழ்ந்து, அன்றே சந்தாவைக் கட்டிவிடுங்கள்.

அந்தப் பூ விவசாயி இப்பொழுது பிறர் வண்டியில் பூவை ஏற்றி அனுப்புகிறார். இரண்டு தவணைகளைக் கட்டியும் விட்டார். "ஜாமீன் நின்றவரைத் தறியிலிருந்து எழுப்பக் கூடாது, ஐயா" என்பது அவர் சொல். அவரைப் போன்றவர் இன்னொருவருக்கு இந்நிலை நேராதிருக்க, ஊர் கூடித் தேர் இழுப்போமாக.